கிறிஸ்துமஸுக்கு மெழுகிய சுவர்

கொசுவாவது காதருகே பாடிவிட்டுத்தான் கடிக்கும். நாங்கள் 'பொடிப்பூச்சி' என்று சொன்ன மணல் ஈக்கு அந்த மரியாதைகூடத் தெரியாது. சத்தமே இல்லாமல் சுவரிலிருந்து தத்தித் தத்தி வந்து, கணுக்காலில் ஊசி ஏற்றியதுபோல் கடித்துவிட்டு, நாம் கை ஓங்குவதற்குள் விரிசலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அறுபதுகளில் தாராவியில், அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் இடத்துக்குப் பின்னால், மண் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த ஒற்றை அறையில் அப்பா, அம்மா, நான், தங்கை எஸ்தர் என்று நான்கு பேர் இருந்தோம். பூச்சிகளுக்குக் கணக்கில்லை.

ஒரு டிசம்பரில் மாநகராட்சி ஆட்கள் பம்போடு வந்து சுவரெல்லாம் டி.டி.டி. அடித்தார்கள். அடுத்த மழை வரைக்கும் சுவரை மெழுகக் கூடாது என்று அவர்கள் இந்தியில் சொன்னது அம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் மருந்து காய்ந்ததும் சுவர் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது.

"தேமல் புடிச்ச மாதிரில்லா இருக்கு. சபைக்காரங்க வருவாங்க, மெழுகாத வீட்டுல எப்படி ஜெபம் வைக்க?" என்றாள்.

திருநெல்வேலிப் பக்கத்தில் எதை விட்டுவிட்டு வந்தாலும் இந்த வைராக்கியத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். குயவர்களிடமிருந்து களிமண்ணும், எருமை கட்டும் 'தபேலா'விலிருந்து சாணமும் கொண்டுவந்து பிசைந்து, மருந்தின் மேலேயே வழவழவென்று மெழுகினாள். பண்டிகைக்குப் பாட வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து மெச்சியபோது அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஈஸ்டர் சமயத்தில் எஸ்தருக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா மாத்திரைக்கும் கேட்கவில்லை, 'மாந்தம்' என்று அரைத்துக் கொடுத்த கஷாயத்துக்கும் கேட்கவில்லை. சோறு இறங்காத பிள்ளைக்கு வயிறு மட்டும் இடப்பக்கம் கல்லாக உப்பியது. கைகால் குச்சியாகி, முகம் அடுப்புச் சட்டியாகக் கறுத்தது. மழை பிடித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மாட்டுங்காக்காரரான தமிழ் டாக்டர் ஒருவர் சோதனையெல்லாம் முடித்து, இது 'கருங்காய்ச்சல்', பம்பாயில் அபூர்வம் என்றார். எங்கள் பக்கத்து அறையில் மாதக்கணக்காகக் காய்ச்சலோடு கிடந்துவிட்டு ஊருக்குப் போன பீகார்த் தொழிலாளியைக் கடித்த பொடிப்பூச்சியே இவளையும் கடித்திருக்கலாமாம்.

"சுவரெல்லாம் மண்ணா? முனிசிபாலிட்டிக்காரா வந்து மருந்து அடிச்சாளா?" என்று கேட்டார்.

"அடிச்சாங்கய்யா. நாந்தான் அது மேல மெழுகிட்டேன்."

டாக்டர் எஸ்தரை வார்டில் சேர்த்து ஊசி போடச் சொல்லிச் சீட்டு எழுதினார். திட்டியிருக்கலாம் அந்த மனிதர். அம்மாவுக்கு அதுகூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தவள் அரிவாள்மணையை எடுத்துச் சுவரைச் சுரண்டத் தொடங்கினாள். தான் மூடிவைத்த மருந்து அடியில் அப்படியே இருக்கும் என்று நினைத்தாள்போல. வந்ததெல்லாம் மண். அப்பா கையைப் பிடித்து இழுத்தபோது அவள் விரல்களில் ரத்தம். "விடுங்க, பிள்ளை வாரதுக்குள்ள எடுத்துருதேன்" என்று கத்தினாள். பெரியவர்களுக்கும் வழி தெரியாமல் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது; அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ஊசி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே, நெஞ்சில் சளி கட்டி எஸ்தர் போய்விட்டாள்.

இப்போது அந்த இடத்தில் மாடிக் கட்டடம். மண் சுவர் இல்லை, தபேலா இல்லை, பொடிப்பூச்சி என்றால் என் பிள்ளைகளுக்குத் தெரியாது. போய்த் தொலையட்டும், அதற்கெல்லாம் நான் அழப்போவதில்லை. ஆனால் எஸ்தரை நாங்கள் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கறுத்த முகம்தான் வருகிறது. அதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்பது, எவ்வளவு நினைத்தாலும், எனக்கு வரமாட்டேன் என்கிறது.