தேத்தண்ணி குடிக்காத ஓஃபிசர்மார்

வீட்டில் பெண் தனியாக இருந்தால் உள்ளே போகக் கூடாது, வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரர்களான எங்களுக்கு விதி. பிற்பாடு அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடே வாழ்ந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இவ்வளவு தெளிவான ஒன்றை அங்கே கண்டதில்லை.

தொண்ணூற்று நான்கில், புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மல்வேர்ன் பகுதியின் மாடிக் குடியிருப்பொன்றில் நானும் என் வெள்ளைக்காரக் கூட்டாளியும் கதவைத் தட்டினோம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர்ப்பட்டி.

"இமிக்ரேஷனோ? உள்ளுக்கு வாங்கோ சேர்," என்றார் கதவைத் திறந்த பெண். கொழும்பில் காத்திருந்த கணவரை இங்கே அழைப்பதற்கான ஸ்பொன்சர் ஃபைல் மேசையில் கிடந்தது. அவர் தனியாக இருந்தும், குழம்பிப்போய் உள்ளே நுழைந்துவிட்டோம்.

"இல்லை அக்கா, நாங்கள் சேர்ச்சிலையிருந்து வாறம்."

"சரி, தேத்தண்ணி குடியுங்கோ."

எங்கள் சபையில் தேநீர் விலக்கு. "நாங்கள் குடிக்கிறேல்லை," என்றேன்.

அவருடைய சந்தேகம் முற்றாகத் தீர்ந்தது. "தெரியும் சேர், ஓஃபிசர்மார் வீடுகளிலை வாய்நனைக்கமாட்டினம். ரெண்டு வருஷமாப் பதிலில்லை. அவரை எப்ப விடுவியள்?"

மறுக்க மறுக்க இன்னும் உறுதியாக நம்பினார். கடைசியில் விண்ணப்பத்தின் நிலையைக் கேட்டு அவர் பெயரில் கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, நானே தபாலில் போட்டேன். அடுத்தடுத்த கிழமைகளில் வாசலில் நின்று நாங்கள் செய்த பிரசங்கத்தைக் கைகட்டிக் கேட்டார். விசுவாசமா, நேர்முகப் பரீட்சை என்ற பயமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கணவருக்கு விசா கொடுக்கிறோம் என்ற பதில் அவர் கைக்கு வந்தது அதே வருஷம் நவம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை.