மூன்றாவது ஊசி

இரண்டு. ரத்தம் எடுக்கப் படிக்கிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் எண் அது. ஒரே ஆளுக்கு ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஊசி குத்தக் கூடாது. இரண்டிலும் ரத்தம் வரவில்லையென்றால் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். புளியந்தோப்பு மகிழினி ஒரே ஒரு தடவை மூன்று குத்தினார். அந்த மூன்றாவது ஊசியில் ரத்தம் வந்தது, தேர்வு போனது.

மகிழினிக்கு இருபத்தொரு வயது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு. அப்பா பகலவன் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறார். மகிழினி எடுத்திருப்பது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், பட்டப் படிப்பு. மூன்று வருடம் வகுப்பு, நான்காம் வருடம் முழுக்க மருத்துவமனை ஆய்வகத்தில் பயிற்சி.

இந்தப் படிப்பு அவர் தலையில் ஏறியது ஒரு டெங்கு காலத்தில். அப்போது அவர் பத்தாம் வகுப்பு. பிளாக்கில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் பிளேட்லெட் பேசினார்கள். நாற்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டது, அறுபதாயிரத்துக்கு ஏறிவிட்டது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொன்னார்கள்.

"நைனா, அத யாரு எண்றாங்க?" என்று அப்பாவிடம் கேட்டார் மகிழினி.

"டாக்டருதான்."

"அவரு ஃபேனுக்கு கீழ உக்காந்துகினு சீட்டுதான எழுதுறாரு. எண்றது யாரு?"

பகலவனுக்குத் தெரியவில்லை. பிளாக்கில் யாருக்குமே தெரியவில்லை. அந்தக் கேள்விதான் அவரைக் கல்லூரி வரை கூட்டிப்போனது.

மூன்றாம் வருட முடிவில் ஒரு செய்முறைத் தேர்வு இருக்கிறது. நோயாளியின் கையில் முறைப்படி ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். தேறினால் பயிற்சிக்குப் போகலாம். தவறினால் மறுதேர்வு ஒன்றே ஒன்று. அதிலும் தவறினால் கூடப் படித்தவர்கள் போய்விடுவார்கள். அடுத்த வகுப்போடு சேர்ந்து ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் பகலவனுக்குத் தெரியும். தெரிந்தும், தேர்வுக்கு முந்தைய வாரமே ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார். ஒரு மாடி உயரம். வெள்ளைக் கோட்டில் மகள், பக்கத்தில் மைக்ராஸ்கோப், கீழே வாழ்த்துவோர் வரிசையில் பிளாக் ஆண்கள் அத்தனை பேரின் தலையும். மேலே கொட்டை எழுத்தில்: 'எங்கள் பிளாக்கின் பெருமை டாக்டர் மகிழினி'.

தேர்வன்று மகிழினியின் முன்னால் வந்து உட்கார்ந்தவர் யானைக்கவுனியில் மூட்டை தூக்கும் ஒரு பெரியவர். ஒல்லியான கை. அதில் ரத்தக் குழாய்கள் கப்பல் வடம் போலப் புடைத்து நின்றன.

"லட்டு மாதிரி கை கிடைச்சிருக்குன்னு நினைச்சேன்" என்கிறார் மகிழினி. "அங்கதான் ஏமாந்தேன்."

சதை வற்றிய கையில் ரத்தக் குழாய்க்குப் பிடிமானம் கிடையாது. கீழே தோலைக் கட்டை விரலால் இழுத்துப் பிடிக்காவிட்டால், ஊசி பட்டதும் உருண்டு ஒதுங்கிவிடும். ஒதுங்கியது. இரண்டாவது முறையும் அதே கதை. எழுந்திருக்க வேண்டிய நேரம். மகிழினி எழவில்லை.

"பரவால்ல குத்து கண்ணு. நான் பாக்காத ஊசியா?" என்றார் பெரியவர்.

குத்தினார். ரத்தம் வந்து ட்யூப் நிறைந்தது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், பின்னால் ஆசிரியை ராமசெல்வி.

"எத்தனை?"

"மூணு மேடம். ஆனா வந்துடுச்சு."

"வந்துச்சான்னு நான் கேட்டனா? எத்தனைன்னுதான கேட்டேன்."

ராமசெல்வி வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் தூத்துக்குடிக் குடும்பத்துப் பெண். நெடுங்காலம் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். அந்த ட்யூபை அவர் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. வலி ஒரு பக்கம் இருக்கட்டும், குத்திக் கிளறி எடுத்த ரத்தம் பொய் சொல்லும். அணுக்கள் உடைந்து, உடம்பில் இல்லாத பொட்டாசியம் ரிப்போர்ட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த எண்ணைப் பார்த்து ஒரு டாக்டர் மருந்து எழுதுவார். மகிழினியின் பெயருக்கு நேரே 'மறுதேர்வு' என்று எழுதினார் ராமசெல்வி.

வீட்டுக்கு வந்த மகிழினி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "நைனா, அந்த ஃபிளெக்ஸ சுருட்டி கட்டிலுக்கு அடியில தள்ளு."

"ரத்தம் வரலியா?"

"வந்துச்சி. மூணாவது தபா."

"வந்துச்சில்ல? அப்பறம் இன்னா பேஜாரு?"

"நீ இப்ப சொன்னததான் நானும் மேடம்கிட்ட சொன்னேன். மூணாவதா குத்துனதுதான் தப்பாம்."

பகலவனுக்குப் புரியவில்லை. ஆனால் ஃபிளெக்ஸைச் சுருட்டினார்.

மறுதேர்வுக்கு முன்னால் மகிழினிக்கு வேண்டியது கைகள். கல்லூரியில் தோழிகளின் கைகள் இருந்தன, எல்லாம் ஒரே வயது, ஒரே மாதிரி. வீட்டில் வைத்து யாருக்கும் ஊசி போடக் கூடாது, அது கறாரான விதி. ஆனால் தொட்டுப் பார்க்கத் தடையில்லையே. கையில் கட்டும் ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு காலையில் கீழே இறங்கினார். தண்ணீர் லாரி வரும் நேரம். குடம் வைத்துக் காத்திருக்கும் பிளாக் மொத்தமும் அங்கேதான் நிற்கும்.

முதலில் கையை நீட்டியவர் மண்ணாங்கட்டி. பக்கத்து வீட்டுக்காரர், மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்.

"இன்னா மகி, ஊசி எங்க?"

"ஊசி கெடையாது பெரிப்பா. தொட்டுத்தான் பாப்பேன்."

"ஊசி இல்லாத டாக்டர இப்பதான் பாக்குறேன்."

"டாக்டரு இல்ல. லேப்பு."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல பெரிப்பா. கைய மூடு."

பட்டையைக் கட்டிவிட்டு மகிழினி கண்ணை மூடிக்கொண்டார். புத்தகத்துப் படத்தில் வெளிறிய கை, அதில் நீலக் கோடு. புளியந்தோப்பு வெயில் பார்த்த கைகளில் அந்தக் கோடு தெரியாது. தெரிந்தாலும் நம்பக் கூடாது என்று யானைக்கவுனிப் பெரியவர் காட்டிவிட்டார். விரல் நுனியால் அழுத்தினால் அது விரலைத் திருப்பி மெல்ல மேலே தள்ள வேண்டும், அதுதான் ரத்தக் குழாய். கட்டையாகக் கிடந்தால் தசைநார். துடித்தால் தமனி, கிட்டே போகக் கூடாது.

வரிசையில் கேலிக்குப் பஞ்சமில்லை. "கைய புடிச்சி ஜோசியம் சொல்றியா? எனுக்கு வூடு எப்ப அமையும்னு பாரு" என்றது ஒரு குரல். காதலி பெயரைப் பச்சை குத்தி, அது சரிப்படாமல் அதன்மேலேயே புலியைக் குத்திக்கொண்ட ஓர் ஆள் கையை நீட்டிவிட்டுச் சொன்னார்: "புலி வாயில வெரல வெக்காத, சொல்ட்டேன்." இரண்டு குடத்தோடு மூன்று மாடி ஏறி இறங்கிய பெண்களின் கை தொட்டதும் பேசியது. உட்கார்ந்தே தைக்கிறவர்களின் கையில் தேட வேண்டியிருந்தது. சில நாட்களில் கூப்பிடாமலே கைகள் நீண்டன. லாரி வராத நாளிலும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

மறுதேர்வை ராமசெல்வி வகுப்பறையில் வைக்கவில்லை. அத்திப்பட்டில் கல்லூரி நடத்திய சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை முகாமில் வைத்தார். சமுதாயக் கூடம். ஜன்னல் வழியே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மேஜை, ஒரு வரிசை. மறுதேர்வுக்கு வந்தவர் மகிழினி மட்டும். பக்கத்து மேஜையில் வகுப்புத் தோழன் ஜீஷான், ஏற்கெனவே தேறியவன்.

மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்கிறவர்கள், கடைக்காரர்கள், வலை பின்னுகிறவர்கள் என்று வரிசை நகர்ந்தது. மகிழினி தோலை இழுத்துப் பிடித்தார், தொட்டார், குத்தினார். எல்லாம் முதல் ஊசியிலேயே வந்தது. கடைசி ஆளாக வந்தவர் சொக்கம்மாள். நிலக்கரித் தூள் கூட்டும் வேலை. மெலிந்த கை, உலர்ந்த தோல்.

வலது கையில் முதல் ஊசி. ரத்தம் வரவில்லை. இடது கைக்கு மாறினார். நிறைய நேரம் தொட்டுப் பார்த்து, வெளிப்பக்கம் ஓர் இடம் கண்டுபிடித்தார். இரண்டு சொட்டு வந்து நின்றுவிட்டது. மகிழினியின் நெற்றியில் வியர்வை.

"இன்னாம்மா, மூஞ்சி இப்பிடி போவுது?" என்றார் சொக்கம்மாள்.

"அவளுக்கு இது பரீட்சைம்மா" என்று பக்கத்து மேஜையிலிருந்து உளறினான் ஜீஷான்.

"பரீட்சையா! முன்னாடியே சொல்றதில்ல?" சொக்கம்மாள் குரலைத் தாழ்த்தினார். "உங்க டீச்சரு அங்க திரும்பிகினு கீது. இன்னொரு தபா குத்து. நான் இன்னா எண்ணிகினா இருக்கேன்?"

ராமசெல்வி உண்மையிலேயே கூடத்தின் மறுகோடியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மகிழினியின் விரல் அந்த வெளிப்பக்க இடத்தின் மேலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்துக் குத்தினால் கிடைத்துவிடும் என்று தோன்றியதாகச் சொல்கிறார். ஒரு வருடம் அந்த ஊசி முனையில் இருந்தது.

பட்டையை அவிழ்த்தார். எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்: "மேடம், எனக்கு ரெண்டு ஆயிடுச்சு. வேற ஆள் வேணும்."

"அடப்பாவி பொண்ணே" என்று தலையில் கைவைத்தார் சொக்கம்மாள்.

ராமசெல்வி வந்தார். இரண்டு கைகளையும் பார்த்தார். "ஏன் வரல?"

மகிழினி அதற்குள் சொக்கம்மாளிடம் குனிந்து கேட்டிருந்தார். "காலையிலருந்து தண்ணி குடிச்சீங்களாம்மா?"

"வெறும் வயித்துல வரணும்னாங்களே. நேத்து சாப்ட்டதோட சரி, எச்சி கூட முழுங்கல."

வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைப்பது இங்கே எல்லோரும் செய்கிற தவறு. தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். உடம்பு வறண்டால் ரத்தக் குழாய் சுருங்கிப் படுத்துக்கொள்ளும்.

"தண்ணி குடிக்காம வந்திருக்காங்க மேடம். குத்துறதுக்கு முன்னாடி நான் கேட்டிருக்கணும். கேக்கல" என்றார் மகிழினி.

"அதத்தான் நானும் பாத்துட்டு இருந்தேன்" என்றார் ராமசெல்வி. திரும்பி நின்றாலும் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "தண்ணி குடுத்து உக்கார வை. அடுத்து ஜீஷான் எடுக்கட்டும்."

சொக்கம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜீஷான் ஒரே ஊசியில் எடுத்துவிட்டான். "அந்தப் பொண்ணு வெரல் வெச்ச எடத்துலதான்டா நீ குத்துன" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு போனார் சொக்கம்மாள்.

இரண்டு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டினார்கள். மகிழினி தேறியிருந்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஃபிளெக்ஸ் வெளியே வந்தது. பகலவன் கயிறு, ஏணி, ஆள் எல்லாம் தயாராக வைத்திருந்தார். மகிழினி ஏணியை மறித்து நின்றார்.

"டாக்டர்னு கீற வரைக்கும் இத ஏத்தக் கூடாது நைனா."

"ஒரு வார்த்தைக்கு இன்னாடி இவ்ளோ ரகள? பெருமதான?"

"டாக்டருக்கு பாதி வெசயம் தெரியறதே நாங்க சொல்ற நம்பராலதான். என் வேலைக்குன்னு ஒரு பேரு கீது. அதுல இன்னா பெரும கொறச்சலு?"

பகலவன் ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். பிறகு திரும்பிக் கத்தினார்: "டேய், ஏணிய எறக்கு. அச்சாபீசுக்கு போவணும்."

'டாக்டர்' மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 'மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்' அந்த இடத்தில் கொள்ளவில்லை. தனிப் பட்டையாக அடித்துக் கீழே ஒட்டியதில் வாழ்த்துவோர் வரிசையில் மண்ணாங்கட்டியின் தலை மூக்கு வரை மறைந்துபோனது. "பேரு பெருசா கீது, இன்னா பண்றது" என்று அவரே விட்டுக்கொடுத்துவிட்டார். இப்போது அது பிளாக்கின் முகப்பில் தொங்குகிறது. லாரிக்குக் காத்திருக்கிறவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்து, அந்தப் பெயரை முழுசாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். சொல்லும்போது குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்து நின்றே சொல்கிறார்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை ராயபுரம் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் ரத்தம் எடுக்கும் அறையில் மகிழினிக்குப் பயிற்சியின் முதல் நாள். வருகிறவர்களிடம் பெயருக்கு அடுத்தபடியாக அவர் கேட்கப்போவது, தண்ணீர் குடித்துவிட்டு வந்தீர்களா என்று.