அப்பாவின் பெரிய ஸ்ப்ராக்கெட்

எங்கள் ஊரான தம்போயில், கார் நிறுத்துமிடத்தில் இன்று செயின் எண்ணெய் வாசம் அடித்ததும், அதே இடத்தில் முன்பிருந்த, பிஸ்கட் டின்னில் நட்டுகள் கலகலக்கும் தகரக்கூரைப் பட்டறைக்குப் போய்விட்டேன். அப்போது குண்டுப் பையன் நான். அப்பாவின் மோட்டார் சைக்கிள் பள்ளிக்கூட மேட்டில் திணறும்போதெல்லாம், வகுப்பே வேடிக்கை பார்க்க இறங்கி நடப்பேன். பட்டறைக்கார முத்து அண்ணன், பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில், பற்கள் அதிகமுள்ள பெரியதொன்றை எடுத்து அப்பாவிடம் காட்டினார்.

“மேடு ஏறிடும்ணே. ஆனா வேகம் போயிரும்லா.”

வேகத்துக்காகவே அம்மாவிடம் தினமும் திட்டு வாங்கும் அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

“போவட்டும் முத்து, மாட்டு.”

மறுநாள் மேட்டில் நான் இறங்கவில்லை. சமதரையில் சைக்கிள்கள்கூட எங்களை முந்தின. அப்பா தலை குனிந்துகொண்டார், நான் ராஜா மாதிரி கையசைத்து எல்லோருக்கும் வழிவிட்டேன்.