ஒரே டிரம்மில் இரண்டு ராஜ்யம்

சமையல்காரனாகச் சேர்ந்த முதல் நாளே இரண்டு மூட்டை அரிசியைக் கெடுத்தவன் நான். இப்போது மெஸ் நடத்தும் பிள்ளைகள் சிரிக்கலாம்.

மெட்ராஸிலிருந்து ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எங்கள் பக்கத்துக் கிராமங்கள் யாருக்கு என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். புத்தூரில் பயணிகள் தங்கும் முசாபரி பங்களாவில் இரு தரப்பு அதிகாரிகளும் கேம்ப் போட்டிருந்தார்கள். நூறு இலைக்குச் சமைத்தவன் என்று சொல்லி வேலை வாங்கினேன். உண்மையில் நூறு எச்சில் இலை எடுத்துத்தான் பழக்கம்.

தையல் பிரிக்காத இரண்டு மூட்டைகள் வந்து இறங்கின. ஆந்திரத் தரப்பான கர்னூல்காரர்களுக்குப் பச்சரிசி, மெட்ராஸ்காரர்களுக்குப் புழுங்கல். ஸ்டோர் ரூமில் எலித் தொல்லை. மூடி போட்ட டிரம் ஒன்றுதான் இருந்தது. இரண்டையும் அதில் கொட்டி, துடுப்பால் நன்றாகக் கலந்தும் விட்டேன். எல்லாருக்கும் ஒரே சோறு, சண்டையே வராது என்று பெருமை வேறு.

காலை எட்டு மணிக்கு உலை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பச்சரிசி கூழாகிவிட்டது. அந்தக் கூழுக்குள் புழுங்கல் கல்லு மாதிரி விறைத்துக்கொண்டு கிடந்தது. இன்னும் எரியவிட்டேன். புழுங்கல் வேகுமுன் அடிப்பிடித்தது.

கேம்ப் கிளார்க் நாயுடு வந்து பானையைப் பார்த்தார். கரண்டி தானாக நின்றுகொண்டிருந்தது.

"ஏமிரா இதி? சோறா, செவுத்துக்குப் பூசறதா?"

"சார், ரெண்டு அரிசியும் கலந்து..."

"ஊர்ல இன்னிக்குக் கடையடைப்பு. சித்தூர்லருந்து மூட்டை நாளைக்குத்தான் வரும். ஒரு மணிக்கு ஆபீசருங்க இலை முன்னால உக்காருவாங்க. இலையில ஒண்ணும் இல்லன்னா நீ கெளம்பு!"

மாவாட்டும் மங்கம்மா டிரம்மில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குய்யா அயுவுற? அடைக்கு ரெண்டரிசியும் கலந்துதானே ஊறப் போடுவோம். துன்னதே இல்லியா?"

"துன்னிருக்கேன். சுட்டதில்ல."

"அத்தான் தெரியுதே!"

சுடுதண்ணீரில் அரிசி, துவரை, கடலைப் பருப்பு, மிளகாய் எல்லாம் ஊறின. அவள் கொரகொரவென்று அரைத்தாள். அவளே சுட்டாள். நான் விறகு தள்ளினேன்.

பந்தியில் கர்னூல் பெரிய அதிகாரி இலையைப் பார்த்துவிட்டு, "அன்னம் ஏதி?" என்றார். சோறு எங்கே என்கிறார். நாயுடு என்னை முறைத்தார். அதற்குள் எதிரே இருந்த மெட்ராஸ் தரப்பு வேலூர்க்காரர் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு, "இன்னொண்ணு போடுய்யா" என்றார். கர்னூல்காரரும் பிட்டு, வெல்லத்தில் தொட்டார். நான்கு அடை உள்ளே போயின.

"இதி எவரு சேசாரு?"

யார் செய்தது என்று கேட்டதும் நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். நாயுடு மங்கம்மாவைக் கைகாட்டினார்.

வேலை போகவில்லை. மறுநாளிலிருந்து அடுப்புக்கு மங்கம்மா, ஆட்டுக்கல்லுக்கு நான். ஆறு மாதம் ஆட்டிய பிறகுதான் அவள் என்னைக் கரண்டி தொடவிட்டாள்.

மூட்டையைப் பிரித்ததும் நாலு அரிசியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். வேகும் நேரம் வேறாக உள்ள இரண்டை ஒரே உலையில் போடாதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், ஊறவைத்து அரைக்க வேண்டும். அதற்குக் கை நோகும்.