தெருவைக் கேட்டு வாசித்தவர்

சென்ற வாரம் மதுரையில் எங்கள் வங்கிக்கு எஸ்.டி.டி.யில் ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் வண்ணார்பேட்டை கோமதி அக்கா. "தம்பி, நம்ம தங்கையா சார் போயிட்டாவ. பியானோவ மூடியாச்சு" என்றார். முதலில் சொன்னதைவிட அடுத்துச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

அக்காவும் சாரும் இருந்த அந்தச் சந்தில் குடியிருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கையா சார் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதன் பிறகு ஒரு பழைய பியானோவை வாங்கிப்போட்டு, புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே மேற்கத்திய சங்கீதம் படிக்கத் தொடங்கினார். நான் அவர் வீட்டு மாடியில் பல வருடம் குடியிருந்தேன். பியானோவுக்கு நேர் மேலே என் கட்டில்.

ஓர் உருப்படியைப் படிக்க அவருக்கு ஒரு வருடம் ஆகும். முதல் வருடம் ராணுவ அணிவகுப்புக்கு வாசிக்கும் ஒரு நடையை எடுத்தார். நாலாவது வரியில் தடுக்கி விழுவார். மறுபடி முதலிலிருந்து வருவார். தீபாவளி போய்ப் பொங்கலும் போயிற்று, ராணுவம் நாலாவது வரியைத் தாண்டவில்லை. எதிர்வீட்டில் எருமை வைத்திருந்த கோமதி அக்கா ஒருநாள் நேரே வந்துவிட்டார்.

"சார், கோவிச்சிக்கிடாதீய. எங்க வீட்டுக்காரரு பல்லு விளக்கையிலயும் அதத்தான் முணுமுணுக்காவ. அடுத்தாப்ல என்னத்தப் படிக்கப் போறீயன்னு எங்கள்ட்ட ஒரு வார்த்த கேக்கப்படாதா?"

வேறு யாராக இருந்தாலும் முறைத்திருப்பார்கள். சார் யோசித்துவிட்டு, "நியாயந்தான். படிக்கப்போறவன் நான் ஒருத்தன், கேக்கப்போறது தெருவே" என்றார்.

அதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்தல். கூடத்தில் பாய் விரித்து, காப்பியும் முறுக்கும் கொடுத்து, மூன்று உருப்படிகளில் கொஞ்சம் கொஞ்சம் வாசித்துக் காட்டுவார். பிடித்ததற்குக் கை தூக்க வேண்டும். எனக்கு மட்டும் இரண்டு ஓட்டு. சத்தம் நேராக எனக்குத்தான் வருகிறது என்று அவராகக் கொடுத்த சலுகை. நான் மதுரைக்கு மாற்றலாகி, தேர்தலுக்கு மட்டும் வந்துபோன பிறகும் இந்த இரண்டு ஓட்டு நீடிக்கலாமா என்று ஆட்சேபம் எழுந்தது. பட்ட பாட்டுக்குப் பென்ஷன் என்று தீர்ப்பளித்துவிட்டார்.

மூன்றில் ஒன்று மட்டும் மாறவே மாறாது. நாக்டர்ன் என்ற வகையில், மெதுவான ஓர் இரவு இசை. மாணவராக இருந்தபோது ரேடியோவில் கேட்டதாம். "இதுக்காவத்தான் பியானோவே வாங்குனேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். தெருவிடம் சொல்லமாட்டார்; சொன்னால் ஓட்டுப் பிச்சை கேட்டதாகிவிடுமாம். அதன் முதல் பக்கத்தை மட்டும் தப்பே இல்லாமல் வாசிப்பார். தெருவில் அதற்கு அழுகைப் பாட்டு என்று பெயர். கோமதி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் அதை எதிர்ப்பார். "ஒரு நா அழலாம், சார். வருசம் பூரா அழ முடியுமா? கறவைக்கும் ஆவாது."

ஒவ்வொரு தடவையும் அதற்கு என் இரண்டு ஓட்டு மட்டுமே விழும். சாருக்கு முகம் சுருங்கிவிடும். பிறகு, "அடுத்த வருசம் பாப்போம்" என்று முறுக்குத் தட்டை நகர்த்துவார்.

போன வருடத் தேர்தலின்போது சார் நெஞ்சுவலி வந்து தேறியிருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. அழுகைப் பாட்டை முடிப்பதற்குள் கோமதி அக்கா கையைத் தூக்கிவிட்டார். பார்த்தால் கூடம் முழுக்கக் கை. சார் அசையவில்லை.

"இது எனக்குப் போட்ட ஓட்டு, பாட்டுக்கு இல்ல. செல்லாது. கோமதி, உள்ளதச் சொல்லும்மா. வருசம் பூரா கேப்பியா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "மாட்டேன், சார்" என்றார்.

சார் வாய்விட்டுச் சிரித்தார். வால்ட்ஸ் என்ற துள்ளலான ஒரு நடன இசையை எடுத்துக்கொண்டார். அதைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் இப்போது போயிருக்கிறார்.

அக்காவின் அழைப்பு வந்த அன்று மாலையே சந்துக்குப் போய்விட்டேன். மூடிய பியானோவின் பக்கத்தில் கோமதி அக்கா உட்கார்ந்திருந்தார். "இப்ப கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன், தம்பி. கேக்கத்தான் அவுக இல்ல" என்றார்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அழுகைப் பாட்டின் அந்த முதல் பக்கம். காதில் அப்படியே இருக்கிறது. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது.