தண்ணீர் இல்லாத இடத்தில் படகு தள்ளியவர்

நோணாங்குப்பம் படகுத் துறையில் விசைப்படகு ஓட்டும் பக்கிரி, 2006ஆம் ஆண்டுப் பொங்கல் பொருட்காட்சியில் ஒரு மேடையிலிருந்து விழுந்துவிட்டார் என்று எங்கள் தெருவில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. அவர் விழவில்லை, குதித்தார். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். விழுந்திருந்தால் அவர் மகள் கல்யாணம் நடந்திருக்காது. ஆகவே இதைச் சரியாக எழுதிவைப்பது நல்லது.

பக்கிரி எனக்குப் பக்கத்து வீடு. தகப்பனார் பயிர் வைத்தவர். இவர் வயலை விட்டு ஆற்றுக்கு வந்துவிட்டார். பயணிகளைப் பாரடைஸ் பீச்சுக்கு ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவருவது வேலை. தண்ணீர் வற்றிய நேரங்களில் படகு மணல்திட்டில் தரைதட்டும். அப்போது ஓட்டுகிறவர்தான் மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ள வேண்டும். தள்ளும்போதும் பக்கிரியின் பேச்சு நிற்காது. ஏறியவர்கள் எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் கரை சேர்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பேச்சுதான் வினையாயிற்று. மகள் ஹேமலதாவைப் பார்க்க ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். பையன் பிரேம்குமாருக்கும் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. பையனின் அப்பா முருகையன், மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசர். வீட்டுக்குள் வந்ததும் மின்விசிறியின் ஆட்டத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தவர். பக்கிரி விடாமல் பேச, அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டு, "பாத்துச் சொல்றோம்" என்று எழுந்தார்.

பதில் வரவில்லை. இரு வீட்டையும் அறிந்தவன் என்பதால் நான் போய் முருகையனிடம் கேட்டேன்.

"பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. அவங்கப்பாதான் விளையாட்டுப் புள்ளையாட்டம் இருக்காரு. நாளைக்கு ஒண்ணுன்னா பொறுப்பா நிப்பாரா? இன்னொரு தரம் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

அதற்காகத்தான் பொருட்காட்சி. இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதுபோல் ஏற்பாடு. பக்கிரி அன்று சலவைச் சட்டையும் மூடிய வாயுமாக வந்தார். ராட்டினத்தைத் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அதற்கடுத்த அரங்கில், 'வர்ச்சுவல் ரியாலிட்டி: காட்டாற்றில் படகுப் பயணம்' என்று எழுதியிருந்தது. முழங்கால் உயர மேடை, சுற்றிலும் கம்பி, தலையில் மாட்ட வயர் வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. மாட்டிக்கொண்டால் கண்ணுக்கு ஆறு மட்டுமே தெரியுமாம்.

"வாங்க சார், நனையாம படகுல போலாம்!" என்றார் அரங்குக்காரர்.

"நனையாம இன்னாய்யா படகு?" பக்கிரி வாயைத் திறந்துவிட்டார்.

முருகையன் அன்று முதன்முறையாகப் பேசினார்: "ஏறிப் பாருங்களேன். உங்க தொழில்தான?"

மாட்டினார்கள். அவர் பார்ப்பது வெளியே ஒரு டிவியிலும் தெரிந்தது. நீலத் தண்ணீர், அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் மரங்கள், படகில் தொப்பி வைத்த ஒரு பெண்ணும் ஒரு தடித்த ஆணும்.

"தம்பி, படக ஓட்ட ஆளே காணோமே!"

"அது தானா போவும் சார்."

"தானா போவுமா? ஜனம் உக்காந்திருக்குதுய்யா!" பக்கிரிக்குக் குரல் ஏறிவிட்டது. "அம்மா, ஒரே பக்கமா சாயாதீங்க. போட்டோ அப்பறம் எடுத்துக்கலாம். அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

கூட்டம் கூடிவிட்டது. அவர் மனைவி அன்னக்கிளி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். டிவியில் மஞ்சளாக ஒரு மணல்திட்டு தெரிந்தது.

"தட்டப்போவுது! ஏ, நிறுத்து! நிறுத்து!"

கம்பிக்குக் கீழே குனிந்து, இல்லாத தண்ணீரில் குதித்தார். இரண்டு காலும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. பிறகு தோளைத் தாழ்த்திப் படகைத் தேடினார். தோளுக்கு அகப்பட்டது முருகையனின் வயிறு.

"சம்பந்தி, அசையாம உக்காருங்க! நா தள்ளுறேன்!"

தள்ளினார். பின்னோக்கிப் போன முருகையன் பக்கத்து பிளாஸ்டிக் குடக் கடையில் சாய்ந்து நின்றார். அரங்குக்காரர் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்தவர்போல வயரோடு பின்னால் ஓடினார். படகிலிருந்த தடித்த ஆள் முருகையன் சாயலில் இருந்ததாகப் பக்கிரி பிற்பாடு சொன்னார். டிவியில் நான் பார்த்தவரை அப்படிச் சாயல் ஏதும் இல்லை.

தள்ளியதைவிடச் சம்பந்தி என்று சொன்னதுதான் பெரிய தவறு. தாம்பூலம் மாற்றும்வரை அந்த உறவைச் சொல்லி யாரும் அழைப்பதில்லை. அதுவும் பெண் வீட்டார் முந்திக்கொள்வது அழகல்ல. அரங்குக்காரர் பெட்டியைக் கழற்றினார்.

பக்கிரி கீழே பார்த்தார். "தண்ணி?"

"உங்க மானத்தோட சேந்து வத்திப்போச்சு" என்றார் அன்னக்கிளி.

முருகையன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு அரங்குக்காரரிடம், "எனக்கு மாட்டு" என்றார். புதிதாக வந்திறங்கிய இயந்திரத்தைச் சோதிப்பவர்போல ஏறி நின்றார். சிறிது நேரத்தில் அவர் கைகள் கம்பியை இறுகப் பிடித்தன. மணல்திட்டு வந்தபோது குனிந்து பேண்டை முழங்கால்வரை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஆனால் இறங்கவில்லை.

"தட்டத்தான் செய்யிது" என்றார் இறங்கிவந்து, அறிக்கை கொடுப்பவர்போல. "உள்ள ரெண்டு பேரு இருக்காங்க. எனக்குக் கால் எழும்பல. இவரு யோசிக்காம எறங்கிட்டாரு."

"அப்ப இன்னா சொல்றீங்க?" பையனின் அம்மா கேட்டார்.

"இன்னா சொல்றது? இத்தினி பேரு கேக்க சம்பந்தின்னு கூப்ட்டாச்சு. இல்லன்னு சொன்னா நமக்குத்தான் மரியாத இல்ல."

அவர் மனம் மாறுவதற்குள் அன்னக்கிளி ஓடிப்போய் வெற்றிலைபாக்கு வாங்கிவந்தார். தட்டு கிடைக்கவில்லை. டெல்லி அப்பளம் வைத்த காகிதத் தட்டைத் துடைத்து, அதில் வைத்து, மேடைக்கு முன்னாலேயே மாற்றிக்கொண்டார்கள். எண்ணெய்க் கறை தெரிந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

வரிசையில் நின்ற ஒரு குடும்பம் மட்டும், இதுவும் அந்தக் காட்சியில் சேர்ந்ததென்று நினைத்து, வெற்றிலைபாக்குக்குத் தனி டிக்கெட்டா என்று அரங்குக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தது.