நாலரை மணிப் பூசையும் ஒரு பல்லியும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குச் சாமி கும்பிடப் போகவில்லை. சண்டை போடப் போனேன்.

இப்படிப் பட்டென்று எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வாய் பழகியிருக்கும். புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது புனேயில், கோர்படி ரயில்வே காலனிக்குப் பக்கத்தில். திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தது தொண்ணூற்றொன்றில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஆபீசில் ஹிந்தி, பஸ்ஸில் மராத்தி, மேலதிகாரியிடம் இங்கிலீஷ், காய்கறி விற்கிற பாஜிக்காரரிடம் மூன்றையும் கலந்து ஏதோ ஒன்று. வீட்டில் தமிழ்தான் — என் மகள் நடுவில் 'க்யா மம்மி' என்று ஆரம்பிக்கிற வரைக்கும். ஆக, வாய் நிறையத் தமிழ் பேசக் கிடைப்பது வாரத்தில் ஒரே ஒரு பொழுது. ஞாயிறு சாயங்காலம் நாலரை மணி, எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசை.

திருப்பலி என்றுதான் சொல்ல வேண்டும் என்று படித்தவர்கள் திருத்துவார்கள். நோட்டீசில் அப்படித்தான் எழுதுவோம். வாயில் வருவது பூசைதான்.

நாலரை மணி ஏன் என்று கேட்கிறீர்களா? வேறு யாருக்கும் வேண்டாத நேரம் அது. காலை ஏழு மணி கொங்கணிக்காரர்களுக்கு. ஒன்பது மணி இங்கிலீஷுக்கு. மிச்சம் இருந்ததைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். செமினரியில் படிக்க வந்திருக்கும் ஒரு தமிழ்ச் சாமியார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே பாடுவோம். யாரும் குறை சொன்னதில்லை.

அப்படியிருக்க, மூன்று வாரத்துக்கு முன்னால் போர்டில் ஒரு தாள். அடுத்த மாதத்திலிருந்து தமிழ்ப் பூசை கிடையாது. தமிழ் சகோதர சகோதரிகள் ஒன்பது மணி இங்கிலீஷ் பூசைக்கு 'அன்போடு' அழைக்கப்படுகிறார்கள்.

எனக்கு அந்த 'அன்போடு'தான் சுருக்கென்று தைத்தது. கையில் இருப்பதைப் பிடுங்கும்போதுதான் மனிதர்களுக்கு எவ்வளவு அன்பு வருகிறது...

நேரே பங்குத்தந்தையிடம் போனேன். ஃபாதர் நோயல், கோவாக்காரர். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கு, நேரம், பட்டியல் என்று வாழ்கிறவர். கெட்டவரென்றால் சண்டை சுலபம். நல்லவரிடம் சண்டை போடுவதற்குத்தான் தெம்பு வேண்டும்.

“மிஸஸ் ஜெயா, நாற்பது ஐம்பது பேர்தானே வருகிறீர்கள்?” என்றார் இங்கிலீஷில். “உங்கள் ஐடி பையன்களே ஒன்பது மணிக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரிகிறது. நாம் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாமா?”

“கொங்கணிப் பூசையையும் நிறுத்தறீங்களா, ஃபாதர்?” என்று நானும் இங்கிலீஷிலேயே கேட்டேன்.

“அது டிரெடிஷன். இது ஒரு குரூப்.”

பார்த்தீர்களா? அவர்களுடையது பாரம்பரியம், நம்முடையது குரூப். ஒன்றாகக் கலந்துவிடு, கரைந்துவிடு என்று எப்போதும் உப்பிடம்தான் சொல்கிறார்கள். சாம்பாரிடம் யாரும் சொல்வதில்லை. இதை அவரிடமே சொன்னேன். சாம்பாரை அவருக்கு விளக்குவதற்குள் அடுத்த ஆள் கதவைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். “விடு ஜெயா, ஒன்பது மணிக்கே போயிடுவோம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஃப்ரீயாவும் இருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித் தோன்றியது. எனக்கு இங்கிலீஷ் பூசை புரியும். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டம் அந்தோணியம்மாவுக்கு.

அந்தோணியம்மாவை உங்களுக்குத் தெரியாது. ரயில்வே காலனியில் வீடு வீடாக இட்லி விற்கிறவள். நாங்குநேரிப் பக்கத்துக்காரி. காலை ஆறு மணிக்கு அலுமினியத் தூக்கோடு கிளம்பினால் பத்து மணிக்குள் காலி. அவள் புருஷன் இறந்து ஐந்து வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஊரில் போய் ஒட்டிக்கொள்ளவும் ஆளில்லை. எங்கள் பூசையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டில் எல்லோரையும் விட அரை அடி முன்னால் ஓடுகிற குரல் அவளுடையதுதான்.

போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் படித்துச் சொன்னேன்.

“அப்ப பாவசங்கீர்த்தனத்துக்கு எங்கக்கா போவ?”

“இந்தியிலயும் பண்ணலாம், அந்தோணியம்மா. ஃபாதருக்கு இந்தி தெரியும்.”

“இந்தியில எனக்கு இட்லி விக்கத்தாங்க்கா தெரியும். பாவத்தச் சொல்லத் தெரியாது.”

அவளே தொடர்ந்தாள். “வாரம் பூரா ‘பாபி, கரம் இட்லி, பாபி, கரம் இட்லி’ன்னு இதே பேச்சு. வீட்டுக்குப் போனா செவருதான் இருக்கு. அவுக போன பெறகு நான் மனசு விட்டுப் பேசுதது சாமிகிட்டத்தான், அதுவும் இந்த ஒன்றர மணி நேரம். அதையும் இங்கிலீசுல பேசுன்னா நான் என்னத்தப் பேச?”

அன்றைக்கு முடிவு செய்தேன். விடுவதில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியதற்கு ஒரு பலன் வேண்டாமா? புனேயில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்க வீடுகளுக்கெல்லாம் போன் போட்டேன். சாங்வியிலிருந்து சாகண் வரைக்கும். சாங்வியில் ராபின் என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறவன். “ஆன்ட்டி, இங்க இங்கிலீஷ் மாஸ் நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிருதுங்க. நம்முளுது ஒன்றரை மணி நேரமாகுதுங்களே” என்றான்.

“தம்பி, உனக்கு அவசரம். ஒருத்திக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் வாரமே. இந்த ஒரு ஞாயித்துக்கிழமை வா. அப்புறம் வராட்டிப் போ.”

கொஞ்சம் யோசித்து, “எத்தன பேரைக் கூட்டிட்டு வரட்டுங்க?” என்று கேட்டான். போனில் வைதவளுக்கு அப்படி ஒரு பதில் கிடைத்தால் எப்படி இருக்கும்? அழுகை வந்துவிட்டது.

பூசை முடிந்ததும் எழுந்து நின்று படிக்க நான் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். இரண்டு பக்கம். இங்கிலீஷில், காரசாரமாக.

ஞாயிறு வந்தது. கோயிலுக்குள் நுழைந்தால் உட்கார இடமில்லை. ராபின் மூன்று வண்டி நிறைய ஆட்களோடு வந்திருந்தான். சாகண் தொழிற்சாலைப் பையன்கள் ஷிப்ட் சட்டையோடேயே வந்து சுவரோரம் நின்றார்கள். அந்தோணியம்மா முதல் பெஞ்சில், துவைத்து மடித்த சேலையில்.

பூசை வைக்க வந்தவரைப் பார்த்தால்... ஃபாதர் நோயல். செமினரிச் சாமியாருக்குப் பரீட்சையாம்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். இப்படித் தமிழ்ச் சாமியார் வராத நாட்களில் ஃபாதர் நோயலே தமிழில் பூசை வைப்பார். தமிழ் தெரியாது. பூசை ஜெபங்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தது நான்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால். அதைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வியர்க்க வியர்க்கப் படிப்பார். அர்த்தம் தெரியாமல் இன்னொருவருக்காக இவ்வளவு பாடுபடுகிற மனிதர்தான் அந்த நோட்டீசையும் ஒட்டினார். மனிதர்களை என்னவென்று சொல்வது?

நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு கோளாறு. இங்கிலீஷ் எழுத்தில் 'திருப்பலி'க்கும் 'திருப்பல்லி'க்கும் நடுவே ஒரே ஒரு எழுத்துதான். ஃபாதர் வாயில் அது முதல் நாளிலிருந்தே பல்லிதான். 'இந்தத் திருப்பல்லியைத் தகுதியோடு நிறைவேற்ற...' என்று கணீரென்று சொல்வார். நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். இரண்டு வருஷமாக ஒருவர் கூட அவரைத் திருத்தவில்லை. பாவம், நமக்காகத்தானே கஷ்டப்படுகிறார் என்று விட்டுவிட்டோம்.

சாங்விக் கூட்டத்துக்கு இது தெரியாதே. பல்லி வந்ததும் பின் வரிசையில் குபீரென்று சிரிப்பு. நான் திரும்பி முறைத்தேன். ராபின் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றான். ஃபாதர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

மன்றாட்டு வந்தது. ஒவ்வொருவராக மைக்குக்கு வந்து உலகத்துக்காக, நோயாளிகளுக்காக வேண்டுவார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் நாங்கள் எல்லோரும், 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்போம். ஃபாதருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் அதுதான். திரும்பத் திரும்ப வருவதால் தாளைப் பார்க்காமலே சொல்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை, குரலும் உயர்ந்துவிடும்.

எழுதி வைத்திருந்த நான்கு மன்றாட்டும் முடிந்தன. அப்போது அந்தோணியம்மா எழுந்தாள். மைக்கைப் பார்த்து நடந்தாள். அவள் இதுவரை மைக்கைத் தொட்டதே இல்லை.

“ஆண்டவரே,” என்றாள். “எங்க சாமியாரு நல்லவுக. எங்களுக்காவத் தெரியாத பாசையில பூச வைக்காவ. ஆனா இந்த நாலரை மணிப் பூசைய நிறுத்தப் போறம்னு நிக்காவ. அவுக மனச மாத்தும். இங்கிலீசுல உம்மகிட்டப் பேச நெறைய பேரு இருக்காவ. எங்களுக்கு வேற எடம் இல்ல. அவுகளுக்கு ஒரு கொறையும் வராம, எங்க பூசையும் போவாம நீருதான் பாத்துக்கணும். ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

அத்தனை பேரும் சேர்ந்து, 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றோம். தகரக் கூரை அதிர்ந்தது.

அதற்கும் மேலே ஒரு குரல். மைக்கில், உருக்கமாக, கண்ணை மூடிக்கொண்டு ஃபாதர் நோயல்.

அவருடைய மனதை மாற்றச் சொல்லி அவரே கடவுளிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். நான் என் கைப்பையில் இருந்த இரண்டு பக்கக் கடிதத்தை நாலாக மடித்தேன். அதற்கு இனி வேலை இல்லை.

பூசை முடிந்ததும் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். அங்கியைக்கூடக் கழற்றவில்லை.

“அந்த அம்மா என்ன வேண்டினார்? இவ்வளவு சத்தமாக யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.”

மழுப்பியிருக்கலாம். குடும்பத்துக்காக வேண்டினாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். நல்லவர் என்றதையும் சேர்த்துத்தான்.

அவர் முகம் சிவந்தது. “நானும் பதில் சொன்னேனா?”

“சொன்னீங்க, ஃபாதர். மைக்ல. எல்லாரையும் விடச் சத்தமா.”

நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

“பின்னால் பையன்கள் ஏன் சிரித்தார்கள்?” என்று திடீரென்று கேட்டார்.

சரி, வந்தது வரட்டும் என்று அதையும் சொன்னேன்.

“லிஸார்டா?”

“ஹோலி லிஸார்ட், ஃபாதர்.”

“இரண்டு வருஷமாகவா?”

“ரெண்டு வருஷமா.”

“ஒருவரும் சொல்லவில்லையே?”

“நீங்க எங்களுக்காகப் படிச்சீங்க. நாங்க உங்களுக்காகப் பொறுத்துக்கிட்டோம். ஒரே குடும்பம்னா இதுதான் ஃபாதர், வேற என்ன?”

அவர் எழுந்து, வெளியே போய், போர்டில் இருந்த தாளை அவர் கையாலேயே கிழித்தார்.

“கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்போம்” என்றார்.

“எந்தக் கிறிஸ்மஸ் வரைக்கும்னு மட்டும் கேக்காதீங்க, ஃபாதர். நாங்க சொல்ல மாட்டோம்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு இன்னொரு தாள் ஒட்டினால் இன்னொரு ஞாயிறு நிற்போம். போன் நம்பரெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வெளியே முற்றத்தில் யாரும் கலையாமல் நின்றார்கள். நான் அவர்களிடம் வந்து, சரியாகிவிட்டது என்று தலையை ஆட்டியதும் அந்தோணியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராபின் அவளிடம் போய், “நீங்க மைக்குல பேசினதுல எல்லாஞ் செரியாப் போச்சுங்க்கா” என்றான்.

“நான் பேசி எங்கய்யா ஆச்சு?” என்றாள் அந்தோணியம்மா. “பல்லி சத்தம் குடுத்தா நெனச்சது நடக்கும்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. இங்க சாமியாரே ரெண்டு வருசமாப் பல்லி பல்லின்னு சொல்லிக்கிட்டுல்லா இருக்காவ.”